நோட்டுச் சித்தப்பா

திண்டுக்கல்லில் ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமானால், ஐயருக்கும் சமையல் மாஸ்டருக்கும் சொல்லி அனுப்புவதற்கு முன்பே ஒருவர் வந்து நிற்பார். டிவிஎஸ் எக்ஸெல்லை வாசல் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, அக்குளில் இடுக்கிய நீளக் கணக்கு நோட்டோடு உள்ளே நுழைவார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, பெண் எந்த ஊர் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். "கையில எவ்வளவு இருக்கு?" என்பதுதான் முதல் கேள்வி. நீங்கள் 5 லட்சம் என்று சொன்னால் நோட்டின் தலைப்பில் 4 என்று எழுதுவார்.

"இன்னொரு லட்சம் எங்க போச்சு சித்தப்பா?"

"அது கடைசி மூணு நாளைக்கு. அப்ப எதுக்கு, என்னத்துக்குன்னு கேக்க ஆளிருக்காது. இப்பவே எடுத்து ஒளிச்சு வச்சிர்றேன்."

இவர் எல்லாக் குடும்பத்திலும் சித்தப்பாவாகவே இருப்பார் என்பதில்லை. சில வீடுகளில் தாய்மாமன், சில வீடுகளில் அக்கா வீட்டுக்காரர். கூட்டுறவு சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார். இல்லையென்றால் நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறை வைத்திருந்து, அலிகார் பூட்டு வந்து அடித்த அடியில் மூடியிருப்பார். எப்படியானாலும் ஒரு குணம் மாறாது. ரூபாயைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அது எந்த ஓட்டை வழியாக வெளியே போகும் என்று சொல்லிவிடுவார்.

அவருடைய வாழ்க்கை லட்சியத்தைப் புரிந்துகொள்ள தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனால் போதும். வரன் அமையாதவர்கள் வியாழக்கிழமைகளில் அங்கே ரதி, மன்மதன் சிலைகளுக்குப் பூஜை செய்ய வரிசையில் நிற்பார்கள். அதே கோயிலில் தேய்பிறை அஷ்டமிக்கு சொர்ண ஆகர்ஷண பைரவர் சந்நிதியில் இன்னொரு கூட்டம் நிற்கும். அது கடன் தீர வேண்டிக்கொள்ளும் கூட்டம். "மன்மதன்கிட்ட நின்னவன் மறு வருஷம் பைரவர்கிட்ட வந்து நிக்கக் கூடாதுப்பா. அம்புட்டுதான் என் வேலை" என்பார் சித்தப்பா.

முதல் கத்தரி நாள்காட்டியின் மேல் விழும். ஞாயிற்றுக்கிழமையில் வரும் வளர்பிறை முகூர்த்தம் என்றால் மண்டபத்துக்காரர் போனையே எடுக்க மாட்டார். வாரநாளில் வரும் தேய்பிறை முகூர்த்தத்துக்கு அவரே திருப்பிக் கூப்பிடுவார். "தேய்பிறையா?" என்று சம்பந்தி வீட்டில் முகம் சுளித்தால், சித்தப்பா சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்து நீட்டுவார். அதில் சுபமுகூர்த்தம் என்று அச்சில் இருக்கும். அச்சில் வந்ததை எங்கள் ஊரில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை.

ஆவணியில் வைக்கலாமே என்றால் பதறிவிடுவார். ஓணம் எந்தத் தேதி என்று பார்த்துவிட்டுத்தான் மேலே பேசுவார். "ஓணத்துக்கு முந்தின வாரம் ஒட்டன்சத்திரம் காய் பூரா கேரளாவுக்கு லாரி ஏறிரும். நிலக்கோட்டைப் பூவும் கூடவே போயிரும். நாம என்ன, மலையாளத்தானுக்குப் போட்டியா ஏலம் கேக்கவா?" தை மாதமும் அவருக்கு ஆகாது. குளிரில் மல்லிகை விளைச்சல் விழுந்து, கிலோ ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும். அவர் மனதுக்குப் பிடித்தது வைகாசி. அப்போது மல்லிகை கொட்டிக் கிடக்கும், மிஞ்சுவதை செண்ட் கம்பெனிக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். நட்சத்திரம், திதி, யோகம் பார்ப்பது ஜோசியர் வேலை. சரக்கு வரத்து பார்ப்பது சித்தப்பா வேலை. இரண்டும் ஒத்துப்போகும் நாள்தான் எங்கள் வீடுகளில் நல்ல நாள்.

நிலக்கோட்டை மார்க்கெட்டில் சித்தப்பாவைப் பார்க்க வேண்டும். பெண்ணின் தம்பியை எக்ஸெல்லின் பின்னால் உட்கார வைத்து, விடிகிற நேரத்துக்குப் போய் இறங்குவார். மூட்டையிலிருந்து ஒரு பிடி மல்லிகையை அள்ளி, கொண்டுபோன தினத்தந்தித் தாளில் வைத்து மடித்து, உள்ளங்கையால் ஓர் அழுத்து. பிரித்துப் பார்ப்பார். தாளில் ஈரம் படர்ந்திருந்தால், "தண்ணிக்கும் சேத்து எடை போடுவீங்களோ தம்பி?" என்று மெதுவாகக் கேட்பார். சத்தம் போட மாட்டார். பக்கத்துக் கடைக்காரர் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் கேட்பார். விலை தானாக இறங்கும்.

மல்லிகை பெண்ணின் தலைக்கும் மதினிமார் தலைக்கும் மட்டும்தான். மேடைக்குச் சம்பங்கி, கோழிக்கொண்டை, தென்னங்குருத்துத் தோரணம். வாசலில் குலை தள்ளிய இரண்டு வாழை. அலங்காரம் செய்பவர் செல்போனில் ஜெர்பரா படம் காட்டினால், "இதுல வாசம் வருமா?" என்பார். வராது. "வாசம் வராத பூவுக்கும் பிளாஸ்டிக் பூவுக்கும் என்னய்யா வித்தியாசம்?" அவரைக் கஞ்சன் என்று சொல்பவர்கள் அந்த மேடையை ஒரு முறை பார்க்க வேண்டும். வெள்ளைச் சம்பங்கிச் சரங்களுக்கு நடுவே ரத்தச் சிவப்பில் கோழிக்கொண்டை வைத்து, ஓரத்தில் குருத்தோலைக் கிளி தொங்குகிற மேடையைப் போல அழகான மேடையை லட்ச ரூபாய் எல்இடி விளக்கில் நான் பார்த்ததில்லை.

ஜவுளியில் அவர் சட்டம் வேறு. முகூர்த்தப் பட்டு பெண்ணின் விருப்பம், அதில் வாய் திறக்க மாட்டார். ஆனால் அத்தைமார், சித்திமார், நாத்தனார்மாருக்கு எடுக்கிற முறைச் சேலைக்கு நேரே சின்னாளபட்டிக்குப் போய்விடுவார். அத்தனை பேருக்கும் ஒரே தறி, ஒரே கலர், ஒரே விலை. "ஆளுக்கொரு கலர் எடுத்தா ஆளுக்கொரு கோவம் வரும்." சண்டை வராதது உண்மைதான். என்ன, குடும்பப் போட்டோவைப் பார்த்தால் மகளிர் சுய உதவிக் குழுவின் ஆண்டு விழா போல இருக்கும்.

கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட் என்று பிள்ளைகள் ஆரம்பித்தபோது சித்தப்பா மறுக்கவில்லை. கொடைக்கானல் வேண்டாம், ஆத்தூர் காமராஜர் அணையே போதும் என்றார். பின்னால் மலை, முன்னால் தண்ணீர், வேறென்ன வேண்டும்? வண்டி? "டவுன் பஸ்ல போங்க. பொண்ணுக்கு டிக்கெட்டே கிடையாது, மாப்பிள்ளைக்கு மட்டும் எடுத்தாப் போதும்." போட்டோகிராபர் ஆண் என்பதைக் கண்டுபிடித்து அந்தச் செலவையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரே ஒரு விவாதத்தில் அவர் தோற்றதைப் பார்த்திருக்கிறேன். பெண்ணுக்குச் சாரட் வண்டி ஊர்வலம் வேண்டுமாம். சித்தப்பா காந்திகிராமத்தை இழுத்தார். "டிவிஎஸ் சுந்தரம் ஐயங்கார் பொண்ணு, டாக்டர் சௌந்தரம் அம்மா. 1940-ல சேவாகிராமத்துல காந்தி முன்னாடி கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. சாரட் வண்டியா ஓடுச்சு? அந்தம்மாவும் அவங்க வீட்டுக்காரர் ராமச்சந்திரனும்தான் 1947-ல இந்தா இருக்கிற சின்னாளபட்டி பக்கத்துல காந்திகிராமத்தையே ஆரம்பிச்சாங்க."

பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சித்தப்பா, பஸ் கம்பெனி வீட்டுப் பொண்ணு எளிமையாப் பண்ணினா அதுக்குப் பேரு கொள்கை. பூட்டுப் பட்டறை வீட்டுப் பொண்ணு பண்ணினா, கையில காசில்லன்னுதான் பேசுவாய்ங்க."

சித்தப்பா பதில் சொல்லவில்லை. நோட்டில் 'சாரட்' என்று எழுதி, பக்கத்தில் 'ஒரு தெரு மட்டும்' என்று சேர்த்துக்கொண்டார். அந்தப் பெண் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எளிமையாக இருப்பதற்கும் எங்கள் ஊரில் கொஞ்சம் சொத்து வேண்டியிருக்கிறது.

மண்டபத்துக்குள் கால் வைத்ததும் அவர் முதலில் போவது மின்சார மீட்டரிடம். செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொள்வார், போகும்போது இன்னொரு படம். ஜெனரேட்டர் டீசலையும் குச்சி விட்டு அளந்து பார்ப்பார். சரக்கு அறைக்கு மண்டபத்துப் பூட்டை நம்ப மாட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டு, சாவியை இடுப்புக் கயிற்றில் முடிந்துகொள்வார். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரில் அதிகம் மகிழ்ந்தவர் அவராகத்தான் இருப்பார். முந்திரிப் பருப்பு என்பது கல்யாண வீட்டில் இறக்கை முளைத்த பொருள் என்பது அவர் அனுபவம்.

சாப்பாடு என்று வந்துவிட்டால் ஆளே மாறிவிடுவார். "சாப்பாட்டுல கை வச்சா பேரன் கல்யாணம் வரைக்கும் பேசுவாய்ங்க" என்பது அவருடைய வேதம். எண்ணிக்கையைத்தான் வெட்டுவார், அளவை வெட்ட மாட்டார். எதை வெட்டுவது என்பதற்கு அவர் வைத்திருக்கும் முறை விசித்திரமானது. மற்றவர்கள் பந்தி முன்னால் நின்று, "நல்லாச் சாப்பிடுங்க" என்று உபசரிக்கும்போது, அவர் பின்கட்டில் எச்சில் இலை விழும் தொட்டிக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எந்த இலையில் எது மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, நோட்டில் ஏற்றுவார். கலர் புலாவ், கோபி மஞ்சூரியன், பேபிகார்ன் என்று எழுதப்பட்டவை அடுத்த கல்யாணத்தில் காணாமல் போயிருக்கும். ஒரு சொட்டு மிச்சமில்லாத அவியலும் வத்தக்குழம்பும் பால் பாயசமும் மறுபடி வரும். 21 வகை போட்ட கல்யாணத்தை ஊர் மறந்துவிட்டது, சித்தப்பா போட்ட 11 வகையை இன்னும் பேசுகிறது.

மறுவீட்டுக் கறிவிருந்துக்கு ஆடு வாங்க, வியாழக்கிழமை அய்யலூர் சந்தைக்கு அவரே போவார். பிரியாணிக்குச் சீரக சம்பாதான். பாசுமதி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அந்த ஆளை மறுபடி கமிட்டியில் சேர்க்க மாட்டார். 1957-இல் ஒரு நாயுடு தலைப்பாகையோடு கல்லாவில் உட்கார்ந்து ஆரம்பித்த கடையால், உலகமே பிரியாணி என்றால் திண்டுக்கல் என்கிறது. அந்த ஊர்ச் சம்பந்தி வீட்டில் அரிசி நீளமாக இருந்தால் மானம் போகாதா? இந்தப் பக்கத்தில் மட்டும் நோட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது.

தங்கத்துக்கு அவரிடம் மருந்து கிடையாது. 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிய அன்று அவர் யார் வீட்டுக்கும் போகவில்லை என்று கேள்வி.

இவ்வளவு சொல்லியும் அவர் சிக்கனத்தின் ரகசியத்தைச் சொல்லவில்லை. அது நோட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. மொய் எழுதுவதெல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் போய்விட்டது. பெயரும் ஊரும் சொன்னால் ரசீது அச்சாகி வருகிறது. சித்தப்பாவுக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் கம்ப்யூட்டரில் ஏறாத மொய் ஒன்றை அவர் தனியாக எழுதுகிறார். 'மேட்டுப்பட்டி மதினி, வெங்காயம் உரிச்சது, ராத்திரி 2 மணி வரை.' 'வத்தலகுண்டு மச்சான், வாழைமரம், வண்டி வாடகை வாங்கலை.' 'பேகம்பூர் பாய், பாத்திரம் பாதி வாடகை.' 'பக்கத்து வீட்டுப் பையன், பந்தி பரிமாறினது, மூணு பந்தி.'

கேட்டரிங் கான்ட்ராக்டில் விட்டால் பணம் கொடுத்து முடிக்க வேண்டிய வேலைகள் இவை. சித்தப்பா இவற்றை ஆட்களைக் கொண்டு முடிக்கிறார். மதினி மகள் சடங்குக்கு இந்த வீட்டுப் பெண்கள் விடிய விடிய உட்கார்ந்து வெங்காயம் உரித்தாக வேண்டும். பாய் வீட்டு நிக்காஹ்வுக்கு இந்த வீட்டு இளவட்டங்கள் நாற்காலி தூக்கியாக வேண்டும். மறந்தால் சித்தப்பா நோட்டோடு வந்து நிற்பார். அதனால்தான் சொல்கிறேன், அவர் நடத்துவது சிக்கனக் கல்யாணம் என்பது பாதி உண்மை. அது கடன் கல்யாணம்தான். கடன் கொடுத்தது பேங்கு இல்லை என்பதால் வட்டி ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

இதற்குச் சாட்சி கொரோனாக் காலம். 2020-இல் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று அரசு சொன்னபோது, சித்தப்பா துள்ளிக் குதித்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? மனுஷன் சுருண்டு படுத்துவிட்டார். மண்டபம் இல்லை, மேடை இல்லை, செலவே இல்லாத கல்யாணம். ஆனால் உரிக்க ஆளில்லை, பரிமாற ஆளில்லை, மொய் வைக்கவும் ஆளில்லை. "இது கல்யாணமாப்பா? ரிஜிஸ்டர் ஆபீஸ் வேலை" என்றார். ரிஜிஸ்டர் ஆபீஸை அவர் குறைத்துப் பேசுகிறவர் இல்லை. கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும் என்ற 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தை மாப்பிள்ளைக்கு நினைவூட்டி, கூட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட வைப்பவரும் அவர்தான்.

உங்கள் வீட்டில் வருகிற வைகாசியில் விசேஷம் என்றால், தை பிறந்ததும் அவரைப் போய்ப் பார்த்துவிடுங்கள். அதற்கப்புறம் அவரிடம் தேதி கிடைக்காது. வெற்றிலை பாக்கு வைத்து அழையுங்கள். வாட்ஸப்பில் கூப்பிட்டால் வர மாட்டார். சொல்வதைக் கேளுங்கள், சாவியைக் கேட்காதீர்கள். முக்கியமாக, வரவேற்பு மேடையில் அவர் கையில் மட்டும் மைக்கைக் கொடுத்துவிடாதீர்கள். யார் வீட்டுச் செலவு எவ்வளவு என்று பைசா சுத்தமாக வாசித்துவிடுவார்.