சக்கரம் உருண்டால் மட்டும் ஓடும் கடிகாரம்

பெறுநர்: சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், புதுடெல்லி.
பொருள்: தங்கள் கடிகாரத்தைச் சத்தியமங்கலத்துக்கு இரவல் கேட்டல்.

ஐயா,

கோயம்புத்தூரிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம் என்கிறீர்கள். ஆகாய வழியில் சுமார் 250 கிலோமீட்டர்தானே, நியாயம்தான். சத்திக்காரன் அந்த விமானத்தில் ஏறும் விதத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பெங்களூர் எங்களுக்கு வடக்கே இருக்கிறது. ஆகவே முதலில் தெற்கே கிளம்புவோம். புளியம்பட்டி, அன்னூர், கோவில்பாளையம், சரவணம்பட்டி தாண்டிப் பீளமேடு விமான நிலையம் சேர இரண்டு மணி நேரம். இரண்டு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடச் சொல்வதால், பெல்ட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிறகுதான் விமானம் எழும்பும். வரைபடத்தில் பீளமேட்டுக்கும், பெங்களூர் விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளிக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். சத்தியை ஒட்டியே போகும். நூல் பிடித்தாற்போல் விமானி ஓட்டினால், காலையில் பூட்டிவிட்டு வந்த வீட்டை மத்தியானம் மேலேயிருந்து பார்க்கலாம், ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு கட்டியிருந்தால். தேவனஹள்ளியில் இறங்கி ஊருக்குள் போக இன்னும் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். அந்த டிராஃபிக்கைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கூட்டினால் ஆறேழு மணி நேரம். திம்பம் மலைப்பாதையில் ஏறி, சாம்ராஜ்நகர், கொள்ளேகால் வழியாக பஸ்ஸில் போனவரும் ஏறக்குறைய அதே நேரத்துக்கு அங்கே டீ குடித்துக்கொண்டிருப்பார்.

2017ல், சாதாரண மக்களும் விமானத்தில் போகக் கொண்டுவந்த உடான் திட்டத்தின் முதல் விமானத்தை வழியனுப்பியபோது, ஹவாய் செருப்புப் போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்றார் பிரதமர். செருப்பு தயாராக இருக்கிறதுங்க.

இது புகார் இல்லை. உங்கள் கணக்கு எனக்குப் பிடித்துப்போய்விட்டது. விமானம் நகர ஆரம்பித்ததும் நேரம் தொடங்குகிறது, போய் நின்றதும் முடிகிறது. பயணி வரிசையில் நின்றதெல்லாம் பயணத்தில் சேராது. இந்தக் கணக்கைத் தயவுசெய்து திம்பம் சாலைக்கும் விரிவாக்கித் தர வேண்டும்.

அங்கே 27 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றியிருக்கும் காடு 2013ல் புலிகள் காப்பகம் ஆனது. 2022 பிப்ரவரி 10 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. சரக்கு லாரிக்கு மாலை 6 மணிக்கு மலையடிவாரத்துப் பண்ணாரியில் வழி அடைபட்டால் காலை 6 மணிக்குத்தான் திறக்கும். சிறுத்தையும் மானும் வண்டியில் அடிபட்டுச் செத்த சாலை அது. ராத்திரி அதுகளுக்கே இருக்கட்டும், எனக்கு அதில் சண்டையில்லை. ஐந்து நிமிஷம் பிந்தி வந்த லாரிக்காரர் பன்னிரண்டு மணி நேரம் ஸ்டியரிங்கில் தலைவைத்துக் கிடப்பார். உங்கள் கடிகாரத்தில் அந்த இரவே கிடையாது. சக்கரம் உருளவில்லையே! மைசூருக்கு நாலே மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தவர் ஆகிவிடுவார். நேற்றுக் கிளம்பினவர் என்பது வேறு விஷயம். மலைமேல் இருக்கும் தாளவாடியிலிருந்து ஈரோடு கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்க இறங்குகிறவருக்கும் லாபம்தான். வளைவில் பழுதான லாரி குறுக்கே நின்று அவர் பஸ் மாட்டிக்கொள்ளும் நேரம் முழுக்கக் கணக்கிலிருந்து கழிந்துவிடும்.

ஒரே ஒரு சிக்கல் இருக்கிறது. சத்தி மல்லிகையை விடியற்காலையில் மொட்டாகப் பறித்து மூட்டை கட்டுகிறோம். வண்டி நின்றிருக்கும்போதும் அது விரிந்துகொண்டேதான் இருக்கிறது. அதற்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
திம்பத்துக்குக் கீழே குடியிருப்பவன்