மருமவனே, அந்தப் பெட்டியைப் பிரிக்காதே

மருமவனே, முழுப்பரீட்சை லீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வாரேன்னு போன்ல சொன்னே. சந்தோசம். கூடவே, பொழுது போகணுமேன்னு கிராஃப்ட் பெட்டி ஒண்ணு வாங்கியிருக்கேன்னும் சொன்னே. அதுல என்னல்லாம் இருக்குன்னு நீ வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். கலர் காகிதம், மினுக்குத் தூளு, பசை, முழிக்கிற பொம்மைக் கண்ணு, ஒரு பிளாஸ்டிக் கத்திரிக்கோல். அது விரலை வெட்டாதாம். காகிதத்தையும் வெட்டாதுன்னு நினைக்கேன். பெட்டி மேல 'ஈசி'ன்னு போட்டிருக்காமே? ஈசிதான். பிள்ளை பத்து நிமிசம் ஒட்டும், ஒம் பொண்டாட்டி ராத்திரி வரைக்கும் தரையில ஒக்காந்து மினுக்குத் தூளைச் சுரண்டுவா.

வாங்கினது வாங்கிட்டே. தாராளமாக் கொண்டா. இங்க பரண் சும்மாத்தான் கெடக்கு.

உடன்குடிப் பக்கம் செம்மண் தேரியையும் பனையையும் விட்டா வேற என்ன இருக்குன்னு நீயே கேப்பே. நீ வாரது பதனி இறங்குத காலம்வே. பங்குனியில ஆரம்பிச்சா ஆடி வரைக்கும் பனைக்கு ஓய்வு கெடையாது. நொங்கு, பதனி, ஓலை, மட்டை, ஈர்க்கு எல்லாம் ஒரே மரத்துல தொங்குது. உங்க கடையில இத்தனையும் ஒரே மாடியில கெடைக்குமா?

முதல்ல ஓலைக் காத்தாடி. பச்சை ஓலையில ஒரு இணுக்கு உருவி நடு ஈர்க்கை எடுத்தா ரெண்டு நாடா கெடைக்கும். ஒண்ணை மடிச்சு, அந்த மடிப்புக்குள்ள இன்னொண்ணைக் குறுக்கால நுழைச்சு இழுத்தா நாலு சிறகு. நடுவுல உடைமுள்ளைக் குத்தி, முள்ளு நுனியைச் சோளத்தட்டையில ஏத்திட வேண்டியதுதான். முள்ளு இறுகிச்சுன்னா சுத்தாது, தொளதொளன்னு போச்சுன்னா காத்தாடி தனியாப் பறந்துரும். அந்தப் பதம் நாலஞ்சு முள்ளு ஒடிஞ்சாத்தான் கைக்கு வரும். காத்து அடிக்கலைன்னா பிள்ளை ஓடணும். இதுக்குப் பேட்டரி பிள்ளையோட காலுதான். ராத்திரி எட்டு மணிக்கே பேட்டரி இறங்கிச் சோத்துத் தட்டு முன்னாலயே தூங்கி விழும். ஒம் பெட்டியில இந்த வசதி உண்டான்னு பாத்துச் சொல்லு.

ஒண்ணு மட்டும் கவனம். மட்டையோட ரெண்டு ஓரமும் கருக்கு, தொட்டா ரத்தம் பாத்துரும். அதைச் சீவுதது நம்ம வேலை. பிள்ளை கையில ஓலையை மட்டும் குடு.

அடுத்தது நொங்கு வண்டி. தின்னு முடிச்ச பெறவுதான் இதுல வேலையே ஆரம்பம். சீவின நொங்கைப் பெருவிரலால நோண்டித் தின்னணும். கரண்டி கேக்குத பிள்ளைக்கு வண்டி கெடையாதுன்னு முன்கூட்டியே சொல்லி வையி. தின்னு போட்ட வெறும் நொங்குக் கூடு, அதான் கூந்தல், அதுல ஒரே அளவா ரெண்டைப் பொறுக்கி, நடுவுல ஒரு குச்சியைச் சொருகுனா அச்சாச்சு. கவட்டையுள்ள நீளக் கம்பை அச்சு மேல வச்சுத் தள்ள வேண்டியதுதான். ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னா வண்டி ஒரு பக்கமாவே வலிக்கும். வீல் அலைன்மெண்டுன்னு சொல்லி வருசா வருசம் காருக்குப் பணம் கட்டுதியே, அந்தப் பாடத்தை ஒம் மவன் வேப்பமரத்து மூட்டுல படிச்சிருவான். ரெண்டு நாள்ல கூந்தல் காஞ்சு சுருங்கும். ரிப்பேருக்கு என்ன வழி? இன்னும் நாலு நொங்கு தின்னுததுதான்.

ஓலைப்பட்டை பிடிக்கக் கத்துக்குடுக்க நேரமே ஆகாது. விரிஞ்ச ஓலையைக் குழிவா மடக்கி முனையை ஓலை நாராலயே கட்டுனாப் பட்டை. அதுல காலைப் பதனியை ஊத்தி, நொங்கைக் கீறிப் போட்டுக் குடிக்கச் சொல்லு. கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவின பதனிதானான்னு கேட்டு வாங்கு. சுண்ணாம்பு படாததுன்னா சாயங்காலத்துக்குள்ள அது வேற சரக்கா மாறிரும். அதைப் பத்தி ஒனக்குத் தெரியணும்னா பிள்ளைகளைத் தூங்க வச்சிட்டு வா.

இப்பம் விசயத்துக்கு வாரேன். பக்கத்துல ஒம் பிள்ளைக நிக்காவளான்னு பாத்துக்கோ.

மெட்ராஸ்ல சம்மர் கேம்ப்னு பணம் கட்டிச் சேக்கியே, இங்கயும் உண்டு. பீஸ் இல்லை. திண்ணையில புளியம்பழம் குமிஞ்சு கெடக்கு. ஓட்டைத் தட்டி, நாரை உரிச்சு, கொட்டையை எடுத்தாத்தான் வருசத்துப் புளி பானைக்குள்ள போகும். ஒங்க அத்தை ஒருத்தியால ஆகாது. கூலிக்கு ஆள் கூப்பிட்டா நம்ம புளி விலையை விடக் கூலி கூடுது. அதனால என்ன செய்யணும்? "மக்கா, வாங்க, புளி மிட்டாய் செய்வோம்"னு ஒரு சத்தம் குடுக்கணும். வேலைன்னு ஒரு சொல்லு வாயில வந்திரக் கூடாது. வந்துச்சுன்னா ஒருத்தனுக்கு வயித்து வலி, ஒருத்திக்கு ஹோம்வொர்க்.

மிட்டாய் நெசமாவே செய்யணும், ஏமாத்தக் கூடாது. கொட்டை எடுத்த புதுப்புளி ஒரு உருண்டை, கல்லுப்பு, வறுத்த சீரகம் ஒரு சிட்டிகை, மிளகா வத்தல் ஒண்ணு, கருப்பட்டித் தூளு கொஞ்சம். எல்லாத்தையும் சின்ன உரல்ல போட்டுப் பிள்ளைகளையே இடிக்கச் சொல்லு. இடிக்க இடிக்க உலக்கையில ஒட்டி இழுக்கும், அதை வழிச்சு வழிச்சு நக்குவாவ. பாத்தும் பாக்காத மாதிரி இரு. உருட்டி ஈர்க்குல குத்துனாக் குச்சி மிட்டாய் ரெடி. ஒரு உருண்டை செய்ய ஒரு பிடிப் புளிதான் வேணும். ஆனா ஒரு படிப் புளி உடைச்சாத்தான் நல்ல புளி தேறும்னு சொல்லி வையி. பெரிய பொய் இல்லை. நானும் எங்க தாத்தா சொல்லித்தான் நம்புனேன்.

கொட்டையை வீணாக்காதே. பல்லாங்குழிக்கு அதுதான் காய். நாலு கொட்டையை எடுத்து ஒரு பக்கத்தைச் சிமெண்டுத் தரையில உரசுனா வெள்ளை தெரியும், தாயம் போட அது போதும். உரசுன சூட்டோட அண்ணன் தங்கச்சி கையில வைப்பான், அவ அலறுவா. அது எப்பவும் நடக்கும், நீ ஓடியாராதே.

வத்தலும் இப்படித்தான். அரிசி மாவைக் கூழாக் காச்சி, பச்சை மிளகாயும் பெருங்காயமும் அரைச்சுப் போட்டு, மொட்டை மாடியில வேட்டியை விரிச்சு அத்தை பிழிஞ்சு போட்டிருவா. பிள்ளைகளைக் கம்பும் கையுமாக் காக்காக் காவலுக்கு ஏத்தி விடு. மேல மொறுமொறுன்னும் அடியில பச்சையாவும் இருக்குத அரைக்காச்சல் வத்தலுக்கு இருக்குத ருசி, பொரிச்ச வத்தலுக்குக் கெடையாது. காக்கா ஒண்ணு எடுத்தா காவல்காரன் பத்து எடுப்பான். அத்தை அதுக்கும் சேத்துதான் பிழிஞ்சிருப்பா.

ஓலைக் கொழுக்கட்டைக்குக் கார்த்திகை வரணும்னு சொல்லுவாவ. பிள்ளைக ஊருக்கு வந்தா அன்னைக்குக் கார்த்திகைதான். உடன்குடிக் கருப்பட்டி புவிசார் குறியீடு வாங்குனது. அதுக்காக அப்படியே தட்டிப் போட்டிராதே, தண்ணி விட்டுக் காச்சி வடிகட்டு. அடியில மண்ணு தங்கும். தங்கலைன்னாதான் கருப்பட்டி மேல எனக்குச் சந்தேகம். வறுத்த பச்சரிசி மாவு ரெண்டு பங்குக்குக் கருப்பட்டி ஒரு பங்கு, துருவின தேங்கா, வறுத்த சிறுபருப்பு, சுக்கு, ஏலக்கா. பாகைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கெட்டியாப் பிசையணும். குருத்தோலை இணுக்குக்குள்ள மாவை நீளமா வச்சு அமுக்கி, மேல இன்னொரு ஓலையை மூடி, ஓலை நாரால மூணு இடத்துல கட்டி ஆவியில வேக வையி. கட்டுத வேலை முழுக்கப் பிள்ளைகளுக்கு. சிலது அவுந்து மாவு கொப்பரைத் தண்ணியில போய் விழும். விழட்டும். ஓலை வெந்த வாசனை தெரு முக்கு வரைக்கும் வந்தா இறக்கிரலாம்.

ஓலைக்கு எங்க போகன்னு கேப்பே. பனையை வெட்டணும்னாதான் கலெக்டர் அனுமதி வேணும், 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லிட்டாவ. ஓலைக்கு ஒருத்தர் கையெழுத்தும் வேண்டாம். ஏறுத ஆளுதான் வேணும், அவரைத்தான் தேட வேண்டியிருக்கு. கெடைச்சாக் கேட்ட கூலியைக் குடு. பெட்டி வாங்கும்போது பேரம் பேசாத வாயி, பனையேறிக்கிட்ட மட்டும் எதுக்குப் பேசுது?

கடைசியா ஒனக்கு ஒரு சொல்லு. பிள்ளை காத்தாடி மடிக்கும்போது "இப்படி இல்ல கண்ணு, குடு அப்பா செஞ்சு தாரேன்"னு வாங்கி, நீ முழுசாச் செஞ்சு, அது கையில குடுத்துப் போட்டோ பிடிக்காதே. அப்பம் லீவு ஒனக்கா பிள்ளைக்கா? அழகா வேணும்னா மணப்பாடு பக்கத்துலதான் இருக்கு. அங்க பொம்பளைக ஓலைக்குச் சாயம் ஏத்திப் பெட்டி முடையுதாவ. தண்ணி ஊத்துனாலும் ஒழுகாதோன்னு சந்தேகம் வரும், அவ்வளவு நெருக்கம். காசு குடுத்து ரெண்டு வாங்கிட்டுப் போ. அது தொழில், நேர்த்தியாத்தான் இருக்கணும். பிள்ளை செஞ்சது கோணலாத்தான் இருக்கும். அதைக் கொண்டு போய் உங்க வீட்டுச் சோகேஸ்ல வையி, அந்தச் சீனாப் பொம்மைக்குப் பக்கத்துல.

செந்தூர் எக்ஸ்பிரஸ்க்கு டிக்கெட் இப்பவே போட்டுரு. பிள்ளைகளுக்கு நாலு பழைய உடுப்பா எடுத்து வையி, நொங்குக் கறை பட்டா எந்தச் சோப்புக்கும் வெளுக்காது. திண்ணையில கெடக்கதுபோக, தட்டுப்பந்தியில இன்னும் ரெண்டு சாக்குப் புளி இருக்கு. அதை மட்டும் அவிய ரயில்ல ஏறுத வரைக்கும் வாயத் திறந்து சொல்லிராதே.