ஏற்றுமதிக்கு மட்டும்

அக்டோபர் பிறந்தால் பாரிஸ் லாச்சப்பல் மருந்துக்கடைக் கண்ணாடியிலும் இளஞ்சிவப்பு ரிப்பன் ஏறிவிடும். ஐம்பது வயதானால் மார்பகப் படம் எடுக்கச் சொல்லி வீட்டுக்குக் கடிதமும் வரும். நல்ல காரியம், தவறாமல் போய் எடுங்கள். ஆனால், தாய் வயிற்றில் வைத்தே உடம்புக்குள் புகுந்ததை ஐம்பதாவது வயதில் வந்து விசாரிக்கிற இந்த நிர்வாகத்தின் பொறுமைக்குத் தனி ரிப்பன் கட்டவேண்டும். 2023-இல் மட்டும் பிரான்சில் 61,000 பெண்களுக்கு மேல் மார்பகப் புற்றுநோய்.

வயிற்றில் வைத்தே புகும் என்பது கட்டுக்கதை அல்ல. கருச்சிதைவைத் தடுக்கும் என்று இங்கே கர்ப்பிணிகளுக்கு 'டிஸ்டில்பேன்' மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். 1971-இலேயே அமெரிக்கா வேண்டாம் என்றது. பிரெஞ்சு மருத்துவத்துக்கு அது காதில் விழ 1977 ஆயிற்று. செய்தி அட்லாண்டிக்கை நீந்திக் கடந்திருக்கும் போல. விழுங்கியவள் தாய், நாற்பதைத் தாண்டியதும் மார்பகப் புற்றுநோய் அபாயம் ஏறியது மகளுக்கு. இதே மருந்தை எலிகளில் ஆராய்ந்தபோது மரபணுவின் எழுத்து அப்படியே இருந்தது. எந்த மரபணு விழிக்கவேண்டும், எது உறங்கவேண்டும் என்று சொல்லும் குறிகள்தான் மாறியிருந்தன.

பிஸ்பினால் ஏ என்ற பிளாஸ்டிக் வேதிப்பொருளும் அதே ரகம், ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் வேடம் கட்டுவது. ரின்மீன் டப்பாவின் உட்பூச்சிலிருந்து குழம்புக்குள் கசியக்கூடியது. கருவிலேயே இது பட்ட எலிகளுக்குப் பால்சுரப்பியின் வளர்ச்சி தடம் புரண்டது. மனிதரில் முழுச் சான்று இல்லையே என்பார்கள் ஆலைக்காரர்கள். வாஸ்தவம். இன்று கருவிலிருக்கும் பிள்ளைக்கு ஐம்பது வயதாகட்டும், சான்று தானாக வரும்.

பிரான்ஸ் முந்திக்கொண்டது, மறுக்கவில்லை. 2010-இல் பால்போத்தலில் தடை, 2015 ஜனவரி முதல் உணவு தொடும் எல்லாப் பொதிகளிலும் தடை. பிளாஸ்டிக் உற்பத்தியாளர் சங்கம் வழக்குக்குப் போனது. அதே ஆண்டு செப்டம்பர் 17, அரசியல் சாசனப் பேரவை தீர்ப்புச் சொன்னது: இங்கே விற்கவும் இறக்குமதி செய்யவும் கூடாது, ஆனால் இங்கே செய்து வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுத்தால் அது தொழில் சுதந்திரத்துக்குக் குறுக்கே நிற்பதாகும். வெளிநாடுகளில் எப்படியும் அனுமதி உண்டாம், நாம் அனுப்பாவிட்டாலும் அங்கே விற்கத்தான் போகிறதாம். கஞ்சா விற்கிறவன் பொலிசிடம் இதே நியாயத்தைச் சொன்னால் எத்தனை வருஷம் உள்ளே வைப்பார்கள்?

ஆகவே லாச்சப்பல் கடைத்தட்டில் என் மருமகள் எடுக்கும் ரின்மீனுக்குச் சட்டம் காவல் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருக்கும் அவள் தங்கைக்கு? அவள் வெளிநாடு. நாளை அவள் பெறும் பிள்ளை விசா எடுத்து கார் து நோர் ரயில் நிலையத்தில் வந்து இறங்கினால், ஐம்பதில் அதற்கும் கடிதம் வரும்.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் தடை கொண்டுவர 2024 டிசம்பர் ஆனது. அப்போதும் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டினால் மறுபடி சுதந்திரம்தான்.

பேரவையினருக்கு ஒரு விண்ணப்பம். ஏற்றுமதிப் பெட்டியில், 'பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு உகந்ததல்ல, மற்றவர் உண்ணலாம்' என்று பெரிய எழுத்தில் அச்சடிக்கச் சொல்லுங்கள். தமிழ் வாசகத்தை நான் இலவசமாக எழுதித் தருகிறேன்.