கடை தெரிந்தவர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நாலைந்து இளைஞர் சேர்ந்த எந்த நண்பர் குழாத்தை எடுத்துக்கொண்டாலும், கணக்குப் பார்ப்பவர் ஒருவர், பெற்றோல் அடிக்க மறப்பவர் ஒருவர், பாதி வழியில் வீட்டிலிருந்து அழைப்பு வந்து திரும்புபவர் ஒருவர் என்று பலவகையினர் இருப்பது போலவே, ‘கடை தெரிந்தவர்’ என்று குறிக்கத்தக்க ஒருவரும் தவறாது இருப்பார். இவர் சமையற்கலை அறிந்தவர் அல்லர். சாப்பாட்டுராமன் என்று ஏசத்தக்க பெருந்தீனிக்காரரும் அல்லர். உணவைப் பற்றி இவருக்குள்ள அறிவு, அவ்வுணவு விற்கப்படும் கடை எந்தச் சந்தியில், எந்த மதகுக்கு அருகில், எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த எல்லைக்குள் இவரை வெல்ல ஒருவர் இல்லை என்பது இவரது அசையாத நம்பிக்கையாகும். வெள்ளி இரவு வாட்ஸ்அப் குழுவில் முதற்செய்தி இவரிடமிருந்தே வரும். அச்செய்தி பெரும்பாலும் “எனக்கொரு கடை தெரியும்” என்பதாகவே இருக்கும். எங்கே என்று கேட்டால், “வாங்கோவன் காட்டுறன்” என்பதற்கு மேல் பதில் கிடையாது, ஏனெனில் இடம் வெளிப்பட்டுவிட்டால் இவரின்றியே மற்றவர்கள் போய்விடக்கூடும் என்ற அச்சம் இவருக்கு எப்போதும் உண்டு.

பயணத்தை முதலில் மறிப்பது பஞ்சாங்கம். குடாநாட்டு வழக்கில் மீன், இறைச்சி, முட்டை சேர்ந்த உணவு ‘மச்சம்’ எனவும், அவை சேராதது ‘சைவம்’ எனவும் அழைக்கப்படும். வெள்ளிக்கிழமை பெரும்பாலான சைவ சமயத்தவர் வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை, புரட்டாதிச் சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிப்பவர்கள் அன்றும் தொடமாட்டார்கள், ஐப்பசியில் கந்தசஷ்டி ஆறு நாளும் விலக்கு. குழுவில் குருநகரைச் சேர்ந்த கத்தோலிக்க நண்பர் இருந்தால் தவக்காலமும், சோனகத் தெருவைச் சேர்ந்த முஸ்லிம் நண்பர் இருந்தால் ஹலால் கடையும் நோன்பு மாதமும் கணக்கில் வந்து சேரும். இத்தனை விலக்குகளையும் ஒருங்கே நினைவில் வைத்து, யாருடைய விரதமும் முறியாத ஒரு சனி மாலையைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் கடை தெரிந்தவருக்கு உண்டு. எந்த நண்பனின் தாயார் எந்தக் கோயிலுக்கு என்ன நேர்த்தி வைத்திருக்கிறார் என்பதை அந்த நண்பனைவிட இவர் நன்கு அறிந்திருப்பார். சமயங்களுக்கிடையிலான நல்லுறவு பற்றிக் கருத்தரங்கு நடத்துவோர் இவரிடம் சில நுட்பங்களைக் கற்றுக்கொள்ளலாம்.

குடாநாட்டில் ‘இரவுச் சந்தை’ என்பது தைபேயின் சிலின் சந்தையைப் போலவோ, தூங்கா நகரம் என்று பெயர் வாங்கிய மதுரையின் கடைத்தெருக்களைப் போலவோ ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் கூடுவதன்று. அது கோயிற் கொடியேற்றத்தோடு முளைத்துத் தீர்த்தத்தோடு மறைவது. அவற்றுள் பெரியது நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மகோற்சவ காலத்தில், ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறி, இருபத்தைந்து நாட்கள் நடந்து, ஆவணி அமாவாசையில் தீர்த்தமாடும் அந்த விழாவின்போது, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எழுவதாகும். வாகனங்கள் தடுக்கப்பட்ட அவ்வீதிகளில் இரவிரவாகக் கச்சான் வறுபடும். கச்சான் என்பது நிலக்கடலை, சுடுமணலில் கோதோடு வறுத்துச் சுருளில் கட்டித் தரப்படுவது, திருவிழாவுக்குப் போனவர் அதை வாங்காமல் வீடு திரும்பினால் போனதையே வீட்டார் நம்பமாட்டார்கள். சோளப்பொத்தி, கடலை, தும்புமுட்டாஸ், குளிர்களி என்று கண்ணுக்கெட்டிய தூரம் உணவே இருக்கும். இதிலுள்ள இடக்கு என்னவெனில், ஆண்டின் மிகப் பெரிய இரவுச் சந்தை கூடும் அந்த இருபத்தைந்து நாட்களும் குழுவில் பாதிப்பேர் மச்சம் தொடமாட்டார்கள் என்பதே. கடை தெரிந்தவர் அந்நாட்களில் வேட்டியோடு, வெறுங்காலோடு, ஒரு கச்சான் சுருளைக் கையில் ஏந்தியவாறு, “இந்தக் கச்சான் காணாது, அங்கால ஒரு அம்மா இருக்கிறா” என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடப்பதைக் காணலாம். பக்கத்துப் பக்கத்துச் சட்டிகளில் ஒரே மணலில் வறுபடும் ஒரே கடலைக்குள் உயர்வு தாழ்வு காண்பது இவரது தொழிலின் உச்சம்.

இவ்வகையினர் எப்போது தோன்றினர் என்பது ஆராயத்தக்கது. 1990களின் பெரும்பகுதியில் குடாநாடு போரின் நடுவே மின்சாரமின்றி இருந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத்திரி வைத்த விளக்கின் ஒளியில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. ஊரடங்கு நடைமுறையிலிருந்த ஆண்டுகளில் பொழுதுபட்டபின் வீதிக்கு இறங்குவது உயிரோடு விளையாடுவதாகக் கொள்ளப்பட்டது. கொத்துரொட்டிக்காக இரவு ஒன்பது மணிக்குப் புறப்படுதல் என்ற எண்ணமே அன்று எழ இடமிருக்கவில்லை. எனினும் இவருடைய முன்னோர் அக்காலத்திலேயே இருந்தனர் என்று கொள்ளச் சான்றுண்டு. பொருளாதாரத் தடையின் கீழ் மண்ணெண்ணெயும் பெற்றோலும் பற்றரியும் அரிதாகிய நாட்களில், மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடி, கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடப்பட்ட நாட்களில், எந்தச் சங்கக் கடைக்குச் சீனி வந்திருக்கிறது, எந்த ஒழுங்கையில் எவர் வீட்டுப் பின்பக்கத்தில் அரைப் போத்தல் எண்ணெய் கிடைக்கும் என்று அறிந்த ஒருவர் ஊருக்கு ஊர் இருந்தார். அவரிடம் அயலார் காட்டிய மரியாதை ஆசிரியருக்கும் பரியாரியாருக்கும் அடுத்தபடியானது. தடை நீங்கி, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும், 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட கண்டி வீதி போர் முடிந்தபின் மீளத் திறந்து, சீனியும் சவர்க்காரமும் எல்லாக் கடையிலும் கிடைக்கத் தொடங்கியபோது, அந்த அறிவுக்கு வேலையில்லாமற் போயிற்று. ஆனால் அறிவு அழியவில்லை, மகனிடம் வந்து கொத்துரொட்டியிற் சேர்ந்துகொண்டது. தகப்பன் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற அதே பொறுமையோடு மகன் இறால் வடைக்கு நிற்கிறான் என்பதைக் கேலியாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை.

பஞ்சாங்கத்துக்கு அடுத்த இடர்ப்பாடு புவியியல் சார்ந்தது. நீண்ட பயணத்துக்கு நீண்ட நிலம் வேண்டும். குடாநாடோ எப்பக்கம் ஓடினாலும் விரைவிற் கடலில் முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறைக்கு ஏறத்தாழ இருபது கிலோமீற்றர். பருத்தித்துறைக்கு முப்பத்துச் சொச்சம். அரைமணி நேரத்தில் சென்றடையக்கூடிய இடத்துக்குப் போவதைப் பயணம் என்று சொல்லிக்கொள்ள முடியாதாகையால், கடை தெரிந்தவர் தூரத்தைத் தாமே உண்டாக்க வேண்டியவராகிறார். பண்ணைக் கடற்கரையில் சுண்டலோடு தொடங்கி, கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வழியாக நெல்லியடியில் ஒரு ரீ, பருத்தித்துறையில் வடை, கரையோரமாக வல்வெட்டித்துறை, காங்கேசன்துறை என்று சுற்றி, நள்ளிரவுக்கு முன் நகரில் கொத்து என்று அவர் வகுக்கும் பாதை, வாடகைக்கு எடுத்த ஹயஸ் வானின் சாரதியைத் தவிர மற்ற எவருக்கும் நியாயமாகவே தோன்றும். பருத்தித்துறை வடை என்பது உழுந்தும் கோதுமை மாவும் செத்தல் மிளகாயும் சேர்த்துத் தட்டையாகத் தட்டி, நொறுங்கும் பதத்துக்குப் பொரித்தெடுப்பது. பல நாட்கள் கெடாமல் இருந்து, பொதிக்குள் ஏறிக் கனடாவரை போவது. அதை யாழ்ப்பாண நகரிலேயே சரையில் வாங்கலாமே என்று சாரதி சொன்னால், அவர் உணவைப் பற்றி ஒன்றும் அறியாதவர் என்பது முடிவாகிவிடும்.

வீட்டுக்கு அருகிலுள்ள கடை நல்ல கடையாக இருக்க முடியாது என்பது இவ்வகையினரின் அடிப்படைக் கோட்பாடு. இதன் விளைவாக, நகரத்தார் வடமராட்சிக்கும் வடமராட்சியார் நகரத்துக்கும் ஒரே சனி இரவில் புறப்படுகின்றனர். இரு சாராரும் எதிரெதிரே கடந்து செல்லும் இடம் பெரும்பாலும் வல்லை வெளி. வலிகாமத்தையும் வடமராட்சியையும் பிரிக்கும் நீரேரியை ஒட்டிய, மரமோ வீடோ இல்லாத, காற்று ஓயாத அந்த வெட்டையில் முற்காலத்தில் பேய்கள் வழிமறித்ததாகக் கதைகள் உண்டு. இப்போது அங்கே நள்ளிரவில் வழிமறிப்பது, பெற்றோல் அடிக்க மறந்த நண்பரின் மோட்டார் சைக்கிள் மட்டுமே.

கொத்துரொட்டிக் கடையை அடையும் வேளைதான் இவரது மெய்யான சோதனைக்காலம். வீச்சாகத் தட்டிச் சுட்ட கோதுமை ரொட்டியை, சூடேறிய இரும்புத் தட்டின்மேல், வெங்காயம், கோவா, முட்டை, இறைச்சிக் குழம்பு ஆகியவற்றோடு சேர்த்து, இரு கைகளிலும் பிடித்த தகடுகளால் கொத்திக் கலப்பது இவ்வுணவு. அது கொத்தப்படும் தாளம் கடைக்கு விளம்பரப் பலகை தேவையில்லாதவாறு சந்திவரை கேட்கும். கடைக்காரர் தம் நெருங்கிய ஆள் என்று வழிநெடுகச் சொல்லிவந்த கடை தெரிந்தவர், முன்னே சென்று முகம் மலர நிற்பார், கடைக்காரர் தட்டிலிருந்து கண்ணெடுக்காமல், “என்ன தம்பி, பாசலோ, இருந்து சாப்பிடுறியளோ?” என்று, வந்த எல்லோரிடமும் கேட்பதையே கேட்பார். “அண்ணை, போன மாசமும் வந்தனாங்கள்” என்று இவர் நினைவூட்டினால், “ஓமோம்” என்பதே விடை. அந்த ‘ஓமோம்’ தம்மை அடையாளங்கண்டதன் சான்று என்று இவர் நண்பர்களுக்கு விளக்குவார். பின்னர்க் குழம்பு சற்றுக் கூட விடும்படியும், உறைப்பைக் குறைக்க வேண்டாமென்றும், முட்டையைக் கடைசியில் உடைக்கும்படியும் இவர் வழங்கும் ஆலோசனைகள் கொத்துச் சத்தத்தில் அடிபட்டுப் போகின்றன. உணவு வந்ததும் இவர் உடனே உண்பதில்லை. முதற்கவளத்தை வாயிலிட்ட நண்பர்களின் முகங்களை ஒவ்வொன்றாக, பெண் பார்க்க வந்தவர்களின் முகத்தைப் பார்க்கும் தகப்பனைப் போல, பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவர் நன்றாயிருக்கிறது என்றால் அது இவருடைய வெற்றி. ஒருவர் முகம் சுளித்தால், “இண்டைக்கு வேற ஆள் கொத்துறான்” என்ற தீர்ப்பு தயாராக இருக்கும். கடையின் புகழுக்கு இவர் பொறுப்பு, குறைக்குக் கொத்துபவர் பொறுப்பு.

ஒடியற் கூழைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும், ஏனெனில் அது இவரது ஒரே தோல்வி. பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, நண்டு, இறால், மீன், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளி முதலியவற்றோடு புளியும் மிளகாயும் சேர்த்துப் பெரும்பானையில் காய்ச்சி, கூட்டமாக இருந்து, கோலிய பலாவிலையால் அள்ளியோ பனையோலைப் பிளாவில் வார்த்தோ குடிக்கப்படும் அது, கடலோரத்தாரின் உணவாயிருந்து குடாநாடு முழுவதற்கும் பொதுவானது. கூழ் வீட்டு முற்றத்துக்குரியது. காய்ச்சுவதற்கு அரைநாள் வேண்டும், கழுவுவதற்கும் துப்புரவாக்குவதற்கும் பத்துக் கை வேண்டும், சுருங்கச் சொன்னால் உழைப்பு வேண்டும். கடை தெரிந்தவர் கூழ் காய்ச்சும் ஆளொருவரைத் தெரியும் என்று ஒவ்வொரு மாதமும் அறிவிப்பார். அந்த ஆள் ஒவ்வொரு மாதமும் கடலுக்குப் போயிருப்பார். இதுவரை எக்குழுவும் இவர் தலைமையில் கூழ் குடித்ததாகத் தெரியவில்லை.

கோடை விடுமுறையில் ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ வரும் மச்சான் ஒருவர் வானில் ஏறும்போது இவரது பொறுப்பு இரட்டிப்பாகிறது. வந்தவர் போத்தல் தண்ணீரைக் கையில் பிடித்தபடி, சம்பலை மணந்து பார்த்து, ஸ்காபரோவில் இதே கொத்து இதைவிடப் பெரிதாகக் கிடைக்கும் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். கடை தெரிந்தவர் அன்றிரவு ஐந்து சந்தியிலிருந்து கொடிகாமம்வரை அவரை இழுத்துச் சென்று, வயிறு தாங்கும் எல்லையைக் கடந்து ஊட்டியே அந்தக் கூற்றை மறுப்பார். மறுநாள் மச்சான் படுக்கையில் கிடப்பதற்குத் தண்ணீர்தான் காரணம், கடை அன்று.

திருமணம் இவ்வகையினரை மாற்றுகிறது, ஆனால் மாற்றுவது நேரத்தை மட்டுமே. மாலை ஏழு மணிக்கு மனைவி பிள்ளைகளோடு நல்லூரடிக் குளிர்களிக் கடையொன்றில் அமர்ந்து, மேசை மேசையாக எந்தச் சுவையை எடுக்க வேண்டும் என்று அறிமுகமில்லாதவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் முன்னாள் கடை தெரிந்தவரே. நள்ளிரவுப் பயணம் அவருடைய தம்பிமாரிடம் போய்விடுகிறது. ஆயினும் சனி இரவு பதினொரு மணிக்கு, பிள்ளை நித்திரையானதும், விறாந்தையில் நின்று தொலைபேசியில் அவர் வழிகாட்டும் குரல் அயல்வீட்டுக்குக் கேட்கும். சந்தியில் வலப்பக்கம் திரும்பி, மதகைத் தாண்டி, மூன்றாவது கட்டடத்துக்கு முன்னே வந்து நிற்கும் தம்பி, அங்கே கொத்துக் கடை இல்லை, பூட்டிக் கிடக்கும் மருந்துக் கடைதான் இருக்கிறது என்கிறான். “கதவைத் தட்டிக் கேளடா, முதலாளி என்ர ஆள்தான்” என்று இவர் சொல்கிறார்.