அட்மின் யார்?

ஸ்ரீரங்கம் சித்திரை வீதி வீடுகளில் இப்போது டிவிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி. அமெரிக்கப் பிள்ளை வைத்துவிட்டுப் போன நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி. வளைகாப்பு முதல் சஷ்டியப்தபூர்த்தி வரை படமெல்லாம் அதற்குள். பச்சை விளக்கு எரிகிறது. அட்மின் பக்கம் மட்டும் திறக்காது.

பல வீடுகளில் பாஸ்வேர்டு குற்றவாளியே அல்ல. கரண்ட் போய் வந்ததும் ரவுட்டர் பெட்டிக்குப் புது ஐபி முகவரி கொடுத்திருக்கும். பெரியவர் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருப்பார். ரவுட்டருக்குள் நுழைந்தால் புது முகவரி தெரியும். அதன் பாஸ்வேர்டும் பிள்ளையிடம், அங்கே நள்ளிரவு.

சினாலஜி பெட்டி என்றால் பின்புறத் துளையில் ஒரு பீப் கேட்கும்வரை, சுமார் 4 விநாடி, அழுத்தலாம். அட்மின் பாஸ்வேர்டு போகும், படங்கள் இருக்கும். நமக்குத்தான் இத்தனை வேலை. 2021 ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டிகளை எவரோ இணையம் வழியே ரீசெட் செய்து துடைத்துவிட்டார்கள். ரீசெட்டுக்கு முன் பாஸ்வேர்டு கேட்கும் வரிகள் நிரலில் இருந்தன, செயலிழக்கச் செய்யப்பட்ட நிலையில்!

அடையாளச் சோதனை ஸ்ரீரங்கத்துக்குப் புதிதல்ல. படையெடுப்புக்குத் தப்பிப் போன இவ்வூர் உற்சவர் 1371-இல் திரும்பியபோது பழையவர் இவர்தானா என்று சொல்ல ஆளில்லை. கண் தெரியாத முதிய வண்ணார் ஒருவர் உற்சவரின் ஈரத்துணியைப் பிழிந்த ஈரவாடைத் தீர்த்தத்தைச் சுவைத்தே கண்டுகொண்டார் என்பது கோயில் வழக்கு. ஓடிபி கேட்கவில்லை.

விடிந்ததும் பிள்ளை சொல்கிறான்: “அப்பா, கோடு அம்மாவோட பழைய மொபைல்லதான் வரும்.”

அதைப் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்கியாயிற்று.