பத்து எம்பி வீட்டுக்கு நாலு வாரிசு

1983 மார்ச்சில் ஐபிஎம், பிசி எக்ஸ்டி என்ற பெட்டியை இறக்கியது. உள்ளே பத்து எம்பி ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு வாட்ஸ்ஆப்பில் வரும் கல்யாணப் பத்திரிகை வீடியோவுக்கே அது பத்தாது. அந்தச் சொத்துக்கும் ஒருநாள் சண்டை வரும் என்று யோசித்த புண்ணியவான்கள், டிஸ்க்கின் முதல் 512 பைட்டில் பாகப் பத்திரம் எழுதி வைத்தார்கள். 446 பைட் மெஷினைத் தட்டி எழுப்ப. 64 பைட் யாருக்கு எந்த இடம் என்று குறிக்க. கடைசி இரண்டு பைட் கையெழுத்து. 64 பைட்டில் அடங்கியது நாலே பங்கு. காரைக்குடி ஆச்சி யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

நம் ஊர் வீட்டில் வளவு என்ற முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். மகனுக்குக் கல்யாணமானால் 'வேறு வைத்து' விடுவார்கள்: குடும்பக் கணக்கில் தனிப் புள்ளி, தனி அடுப்பு, கூரை மட்டும் ஒன்று. பேரன்மார் பெருகப் பெருகப் பங்குக்குள் பங்கு விழும். 1987இல் டாஸ் 3.3 வந்தபோது கம்ப்யூட்டர்காரர்களும் இதே வழிக்கு வந்து சேர்ந்தார்கள். நாலில் ஒன்றை 'எக்ஸ்டெண்டட்' என்று அறிவித்து, அதற்குள் அறை தடுத்தார்கள்.

லினக்ஸ் குடிவந்த பிறகுதான் வம்பு முற்றியது. விண்டோஸ் மூத்த பிள்ளை. எப்போது புதிதாக வந்து இறங்கினாலும் வாசலில் இருக்கும் அந்த 446 பைட்டைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளும். தம்பி அறையை எட்டிப் பார்த்து, உள்ளே ஆள் இருக்கும்போதே, "ஃபார்மட் செய்யவா?" என்று அப்பாவியாகக் கேட்கும். லினக்ஸோ, கிரப் என்றொரு காவல்காரனை வாசலில் நிறுத்தி, இரண்டு பேர் அறைக்கும் வழி காட்டச் சொல்லும். மரியாதை தெரிந்த பிள்ளை. அடி வாங்காமல் இருக்குமா?

இந்தக் கூட்டுக் குடித்தனத்தை 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் தமிழக அரசே வீடு வீடாக அனுப்பத் தொடங்கியது. விலையில்லா லேப்டாப்பில் விண்டோஸும் இருந்தது, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்கு அதில் தெரிந்தது ஒன்றுதான்: பேர் தெரியாத ஒரு பார்ட்டிஷன் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, படம் ஏற்ற இடமில்லை. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் ஒரே அழுத்தில் அதைக் காலி செய்துவிடும். மறுநாள் கருப்புத் திரை. அதில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி, பக்கத்தில் மினுக் மினுக்கென்று ஒரு கோடு. காவல்காரன் வாசலில் நிற்கிறான்; அவன் சாவிக்கொத்து மட்டும் இடித்த அறைக்குள் இருந்தது.

காரைக்குடி செக்காலைப் பக்கம் தூக்கிக்கொண்டு போனால், கடைத் தம்பி திரையைப் பார்க்குமுன்னே, "மொத்தமா ஃபார்மட் போட்ருவோம்ணே" என்பார். தேவையே இல்லை. விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து பூட் செய்து 'பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்' என்று அடித்தால் வாசல் விண்டோஸ் பேருக்குத் திரும்பிவிடும். அழித்த அறையே வேண்டுமென்றால் டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள் இருக்கிறது. கிழிந்தது பத்திரம்தான், சுவர் அப்படியே நிற்கிறது. அந்த மென்பொருள் டிஸ்க் முழுக்கத் தட்டிப் பார்த்து எல்லைக் கல்லைக் கண்டுபிடித்துத் தரும். அதற்குள் அந்த இடத்தில் படம் ஏற்றியிருந்தால் ஆண்டவன் விட்ட வழி.

2012இல் விண்டோஸ் 8 மெஷின்களோடு ஜிபிடி என்ற புதுப் பத்திரம் ஊருக்குள் வந்தது. வழக்கமாக 128 பங்கு. டிஸ்க்கின் கடைக்கோடியில் ஒரு நகல் வேறு. இனி இடத்துக்குச் சண்டை இல்லை. ஆகவே அண்ணனும் தம்பியும் நேரத்துக்குச் சண்டை போடுகிறார்கள். மெஷின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் அதை நம்மூர் நேரம் என்று படிக்கும். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் காலை பத்து மணிக்கு விடிகாலை நாலரை காட்டும். லினக்ஸை விட்டுக்கொடுக்கச் சொல்வது எளிது, ஒரே கட்டளை. அது கேட்கும், கூடவே இது சரிவராது என்று ஒரு நீள எச்சரிக்கையும் படிக்கும்.