தங்க லைக்காவின் மூக்கு

பழைய கேமரா சேகரிப்பவர்களில் தனிச் சாதி ஒன்று உண்டு: தங்க லைக்காக்காரர்கள். அவர்களின் கேமராவுக்கு உடம்பெல்லாம் பொன்முலாம், தலையில் ஜெர்மன் விமானப்படைக் கழுகு, சுற்றிலும் பாம்புத்தோல். ஹிட்லரின் தளபதி யாரோ கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்ததாம். விற்றவர் சத்தியமே செய்தாராம். ஜெர்மன் கேமராவான லைக்காவில் அசல் தங்க மாடலும் வந்ததுதான், ஆனால் சொற்பம்.

அசலா போலியா என்று அறிய, லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கையின் நுனியில் குட்டிச் சக்கரம் இருந்தால் லைக்கா. ஆப்பு போன்ற சப்பை மூக்கு தெரிந்தால் அநேகமாக ஃபெட் அல்லது ஸோர்க்கி. இரண்டும் சோவியத் பிள்ளைகள். 1932இல் வந்த லைக்கா மாடலைப் பார்த்து, கார்கிவ் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான கம்யூனில் 1934இல் செய்யத் தொடங்கியதுதான் ஃபெட். பெயரோ, சோவியத் ரகசியப் போலீஸை நிறுவிய ஃபெலிக்ஸ் எட்முந்தோவிச் ஜெர்ஜின்ஸ்கியின் முதலெழுத்துகள். அவர் தலைமேல் நாஜிக் கழுகை உட்காரவைத்த புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு!

2022இல், லைக்காவை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக்கின் சொந்த லைக்கா 1.44 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. அதற்குப் பிறகு, பரணில் பழைய கேமராத் தோலுறை வைத்திருக்கும் எல்லோரும் மனதளவில் கோடீஸ்வரர்கள்.

போலிக்கு முலாம் பூசுகிறவர் ஷட்டர் துணியின் ஊசித்துளைகளை அடைப்பதில்லை. அவற்றின் வழியே வெளிச்சம் கசிந்து படத்தில் வெள்ளைப் புள்ளிகள் விழும். உரிமையாளருக்கு இது தெரியாது, ஃபிலிம் போட்டால்தானே? படம் எடுக்கும் ஆசை இருந்தால், முலாம் பூசாத ஃபெட்டை, ஷட்டர் துணியைப் பார்த்து வாங்குங்கள். விலையும் குறைவு, வம்சாவளியும் உண்மை.